குரலும் ஓர் ஆயுதம்தான்!

ஜப்பான் என்றதும் பெரியவர்களுக்குப் பூகம்பமும் புல்லட் ரயிலும் ஞாபகத்துக்கு வரும். பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ஒரே பதில்தான்: "நிஞ்சா!" கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, பல்லி மாதிரி சுவரேறி, நட்சத்திரம் போன்ற இரும்புத் தகட்டை விர்ரென்று வீசுவானே, அவனேதான். நம் ஊர்ப் பிள்ளைகளும் டி.வி.யில் நிஞ்சா கார்ட்டூன் பார்த்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதிக்கிறார்கள் என்று என் தங்கை சொல்கிறாள்.

நாங்கள் கோபே நகரத்துக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. என் கணவருக்கு இங்கே ஓர் இந்திய உணவு விடுதியில் சமையல் வேலை. மகளுக்குப் பதினாறு வயது, மகனுக்கு ஒன்பது. நான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மாவரைக்கவும் மடிசல் தைக்கவும் தெரியும்; மற்றபடி பெரிய திறமை ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்ட நான் நாற்பத்து நாலு வயதில் ஜப்பானிய ஆயுதப் பயிற்சிக்குப் போகிறேன் என்றால் சிரிப்பு வருகிறதல்லவா? போனில் சொன்னபோது என் மாமியாருக்கு முதலில் புரியவே இல்லை.

"என்னம்மா பேரு சொன்னே?"

"நகினாத்தா, அத்தை."

"நாகாத்தாவா? அங்கயும் நாகாத்தம்மன் கோயில் கட்டிட்டாங்களா?"

விளக்கிச் சொன்னதும், "கம்பு சுத்தற வயசா உனக்கு? முட்டி வலிக்குதுன்னு போன மாசம்தானே சொன்னே!" என்றார்.

அந்த நகினாத்தா கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஆனால் அது ஆரம்பித்தது என்னவோ என் மகனின் நிஞ்சாப் பைத்தியத்தில்தான்.

நிஞ்சா ஊரில்

அவன் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு விடுமுறை நாளில் எல்லோருமாக ஈகாவுக்குக் கிளம்பினோம். மியே மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். அடுத்த பக்கத்தில் இருக்கும் கோகாவும் இதுவும்தான் நிஞ்சாக்களுக்குப் பேர்போன இடங்கள். ஊருக்குள் போகும் ரயிலின் முகத்திலேயே பெரிய நிஞ்சாக் கண்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். என் மகன் பிளாட்பாரத்திலேயே ஆட ஆரம்பித்துவிட்டான்!

கோட்டைப் பூங்காவுக்குள் நிஞ்சா அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கூரை வேய்ந்த சாதாரண விவசாயி வீடு. உள்ளே போனால்தான் வேடிக்கை. சுவர் என்று நினைத்துச் சாய்ந்தால் அது சுழன்று ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தரைப் பலகையின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும்புகிறது, அடியில் வாள்! நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் பணம் வைப்பார்களே, அந்தப் புத்திதான்.

அங்கே தெரிந்துகொண்ட சில விஷயங்கள் எனக்கு ஆச்சரியமாக இருந்தன. நிஞ்சாக்கள் எப்போதும் கறுப்பு உடையில் திரிந்தவர்கள் அல்லர். வேவு பார்க்கிறவன் 'நான் வேவுகாரன்' என்று எழுதி ஒட்டிக்கொண்டா போவான்? விவசாயியாக, வியாபாரியாக, சாமியாராக, கூத்தாடியாக வேஷம் போட்டுத்தான் போயிருக்கிறார்கள். கருவிகளிலும் பல வயலிலும் வீட்டிலும் புழங்குகிறவைதாம். அரிவாள், கயிறு, மண் தோண்டும் சிறு கரணை இப்படி. வழியில் யாராவது சோதனை போட்டாலும் சந்தேகம் வராது பாருங்கள்.

1676-ஆம் வருஷம் எழுதப்பட்ட 'பான்ஸென்ஷுகாய்' என்ற பெரிய நூல்தான் இந்தக் கலைக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. 22 பகுதிகள். அது வாள்வீச்சில் ஆரம்பிக்கவில்லை. 'நேரான மனசு' என்ற பாடத்தில் ஆரம்பிக்கிறது. சண்டையில் ஜெயிப்பதை விட, உயிரோடு திரும்பி வந்து சேதி சொல்வதுதான் நிஞ்சாவுக்கு முக்கியம்.

"பெண் நிஞ்சா உண்டா?" என்று என் மகள் கேட்டாள். சினிமாவில் வரும் பெண் நிஞ்சாவுக்குக் 'குனோஇச்சி' என்று பெயர். ஜப்பானிய மொழியில் 'பெண்' என்ற எழுத்தை மூன்று கோடுகளாகப் பிரித்தால் 'கு', 'னோ', 'இச்சி' என்று வரும். அந்த மூன்றையும் சேர்த்துத்தான் இந்தச் சங்கேதப் பெயர். ஆனால் பழைய நூலில் இருப்பது கத்தி வீசும் பெண் அல்ல. எதிரி வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்து, எஜமானியம்மாளிடம் சொல்லி வெளியிலிருந்து ஒரு மரப்பெட்டியை உள்ளே கொண்டுவரச் செய்வாளாம். பெட்டிக்கு இரண்டு அடித்தட்டு. அதற்குள் ஆள் ஒளிந்திருப்பான்! வீட்டுக்குள் எது எப்போது நடக்கும் என்று அறிந்த பெண்ணால்தான் இது முடியும்.

வெளியே வந்து ஷுரிக்கென் என்ற அந்த இரும்பு நட்சத்திரத்தை வீசிப் பார்த்தோம். மகன் வீசியது ஒன்றும் பலகையில் நிற்கவில்லை. நானும் வீசினேன். கடைசியாக ஒன்று 'டொக்'கென்று குத்தி நின்றது. "அம்மா!" என்று பிள்ளைகள் கத்திய கத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் ரொம்ப நாள் காதில் இருந்தது.

வீட்டைக் காத்த ஆயுதம்

ஜப்பானில் பெண்களுக்கென்றே போற்றப்பட்ட ஆயுதம் வேறு. அதுதான் நகினாத்தா. நீண்ட கம்பின் நுனியில் வளைந்த கத்தியைப் பொருத்தியிருப்பார்கள். ஆதியில் போர்வீரர்களும் ஆயுதமேந்திய புத்த பிக்குகளும் இதை ஏந்தினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் போர்களைப் பற்றிய பழங்கதையில் தொமோயே கோஸென் என்ற வீரப் பெண் வருகிறாள். இன்றைக்கும் படங்களில் அவள் கையில் நகினாத்தாவோடுதான் நிற்கிறாள்.

1603 முதல் 1868 வரை நாட்டில் பெரும்பாலும் அமைதி. அந்தக் காலத்தில் இது ஸாமுராய்க் குடும்பத்துப் பெண்களின் ஆயுதமாகிவிட்டது. ஆண்பிள்ளை ஊரில் இல்லாதபோது வீட்டைக் காக்க வேண்டியவள் மனைவி. கல்யாணச் சீரில், பெட்டி படுக்கையோடு, குடும்பச் சின்னம் பொறித்த நகினாத்தாவும் போகுமாம்! நாம் குத்துவிளக்கும் வெண்கலப் பானையும் அனுப்புகிற மாதிரி.

ஏன் இந்த ஆயுதம் பெண்ணுக்கு என்று கேட்டால், காரணம் அதன் நீளம். வாள்காரன் நம்மைத் தொடும் தூரத்துக்கு வருமுன்னே நம் நுனி அவனைத் தொட்டுவிடும். கையை ஒரு சாண் அசைத்தால் நுனி பெரிய வட்டம் போடும். ஆகவே புஜபலம் குறைவாக இருந்தாலும் வேகம் கிடைக்கிறது.

1868-ல் உள்நாட்டுப் போர் வந்தபோது, இன்றைய ஃபுகுஷிமா மாநிலத்தில் இருக்கும் ஐஸு என்ற ஊரில், நகானோ தகேகோ என்ற இருபது சொச்சம் வயதுப் பெண் மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நகினாத்தாவோடு களத்துக்குப் போனாள். எதிரே வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. மார்பில் குண்டு பட்டு விழுந்தாள். அவள் சமாதி இன்றும் அங்கே ஒரு கோயிலில் இருக்கிறது. துப்பாக்கி வந்தபின் கத்திக்கம்பால் வீட்டைக் காக்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. ஆனாலும் இந்தக் கலை அழியவில்லை. பெண்கள் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். 1945-ல் ஜப்பான் தோற்றதும் பள்ளிகளில் போர்க்கலைகள் தடை செய்யப்பட்டன. பிறகு 1955-ல் அகில ஜப்பான் நகினாத்தா சங்கம் ஏற்பட்டு, எல்லோரும் பழகும் விளையாட்டாக மறுபடி எழுந்தது. கோபேக்குப் பக்கத்தில் இருக்கும் இதாமி ஊரில்தான் அதன் தலைமையகம். அதே ஊரில், சாக்கே என்ற அரிசி மது வடிக்கும் குடும்பம் ஒன்று 1786-ல் தொடங்கிய 'ஷூபுகான்' பயிற்சிக்கூடத்தில் இன்றும் பெண்கள் நகினாத்தா பழகுகிறார்கள்.

மழைக்கால மாலை ஒன்று

இதெல்லாம் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நான் பயிற்சிக்குப் போனது சரித்திர ஆசையால் அல்ல, சகோதரிகளே.

இங்கே ஜூன் மாதம் மழைக்காலம். ஒரு நாள் மகள் பள்ளியிலிருந்து நேரம் கழித்து வந்தாள். குடையை மடக்காமலே உள்ளே வந்து, கால் கழுவாமல், சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேட்கக் கேட்கப் பதில் இல்லை. அரைமணி கழித்துத்தான் சொன்னாள்.

கூட்டமான ரயிலில் ஒரு ஆள் அவளிடம் தகாதபடி நடந்திருக்கிறான். "ரெண்டு ஸ்டேஷன் அப்படியே நின்னேம்மா. கத்தணும்னு நினைச்சேன். சத்தம் தொண்டையிலயே நின்னுடுச்சு."

அவளைக் கட்டிக்கொண்டேன். "உன் மேல ஒரு தப்பும் இல்லடி கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். இரவு வேலை முடிந்து வந்த என் கணவர் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் மூன்று பேருமாகப் போய் ஸ்டேஷனில் சொன்னோம். எழுதிக்கொண்டார்கள்.

இந்தத் தொல்லை நம் ஊர் பஸ்ஸிலும் உண்டு, இங்கே ரயிலிலும் உண்டு. பெரிய நகரங்களில் கூட்ட நேரத்தில் பெண்களுக்கென்றே தனிப்பெட்டி விடுகிறார்கள். தோக்கியோ போலீஸார் கைபேசிக்கென்று ஒரு செயலியே கொடுத்திருக்கிறார்கள். பொத்தானைத் தொட்டால் அதுவே உரக்க 'நிறுத்துங்கள்!' என்று குரல் கொடுக்கும். அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த நேரத்தில் குரல் வராமல் போவது என் மகளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. எத்தனையோ பெண்களுக்கு நேர்வதால்தானே மெஷினைக் கத்தச் சொல்லியிருக்கிறார்கள்!

யோசித்துப் பாருங்கள். 'பொம்பளைப் பிள்ளை சத்தம் வாசல் தாண்டக் கூடாது' என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கேயும் ரயிலில் யாரும் உரத்துப் பேச மாட்டார்கள். இரண்டு பக்கமும் அடக்கி வைத்த குரல், தேவைப்படும் நொடியில் எப்படித் திடீரென்று வரும்?

எங்கள் பகுதி உடற்பயிற்சிக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் நகினாத்தா வகுப்பு என்று படம் போட்டிருந்ததை மகள்தான் படித்துச் சொன்னாள். "நீயும் வந்தா நான் போறேன்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

"கொயே!"

சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வகுப்பு. ஆசிரியை எழுபதைத் தாண்டிய அம்மாள். எல்லோரும் 'ஸென்ஸெய்' என்று அழைக்கிறோம். என்னைவிட ஒரு சாண் குள்ளம். கையில் கம்பை எடுத்துவிட்டால் மட்டும் கூடமே அவர் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும்!

முதல் நாள் கேட்டுவிட்டேன், மகளை மொழிபெயர்க்கச் சொல்லி. "இதைக் கற்றுக்கொண்டால் ரயிலில் தொல்லை கொடுப்பவனை அடிக்கலாமா?"

அவர் சிரிக்கவில்லை. ஏழடிக் கம்பை ரயிலில் வீச முடியாது, வீட்டிலேயே கூரையில் இடிக்கும் என்றார். "அடிக்கக் கற்றுத்தர மாட்டேன். நிற்கவும், பார்க்கவும், குரல் கொடுக்கவும் கற்றுத்தருகிறேன். போதுமா?" என்று கேட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வெறுங்காலோடு மரத்தரையில் நிற்க வேண்டும். நுழையும்போதும் போகும்போதும் வணக்கம். வெள்ளை மேல்சட்டை, கீழே ஹகாமா என்ற மடிப்பு வைத்த பாவாடை போன்ற உடை. முன்னால் ஐந்து மடிப்பு, பின்னால் இரண்டு. வகுப்பு முடிந்ததும் மடிப்புக் கலையாமல் மடித்து வைக்க வேண்டும். இருபது வருஷமாகப் பட்டுப்புடவை மடித்த கை அல்லவா, முதல் நாளே ஸென்ஸெய்யிடம் பாராட்டு வாங்கினேன்!

பயிற்சிக் கம்பின் நுனியில் இரும்புக் கத்தி கிடையாது. மூங்கில் பட்டைகளை வளைத்துக் கட்டியிருக்கும். மொத்த நீளம் 210 முதல் 225 சென்டிமீட்டர். போட்டிக்கு எடுத்துப் போவது 650 கிராமுக்குக் குறையக் கூடாது. நம் வீட்டு ஒட்டடைக் கம்பை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தோள் தளர்த்தி, முதுகை நேராக வைத்து நிற்க வேண்டும். ஐந்து வகை நிலை. எட்டுத் திசைக்கும் வீசும் பயிற்சி. எதைச் செய்தாலும் வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய்தாக வேண்டும். ஒரே இடுப்பில் குடத்தையும் குழந்தையையும் தூக்கிப் பழகிய நமக்கு இது எவ்வளவு நல்லது என்று என் முதுகுக்குத்தான் தெரியும்.

அடிக்கும் இடங்கள் சில மட்டுமே. தலைக்கு 'மென்', மணிக்கட்டுக்கு 'கொத்தே', விலாவுக்கு 'தோ', முழங்காலுக்குக் கீழே 'ஸுனே'. எங்கே அடிக்கிறோமோ அந்தப் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே அடிக்க வேண்டும். குரலும் கம்பும் உடம்பும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தால்தான் அது அடி. குரல் இல்லாவிட்டால் எவ்வளவு சரியாகப் பட்டாலும் கணக்கில்லை.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கம்பு போயிற்று, கால் போயிற்று, குரல் மட்டும் வெயிட் போடாத குக்கர் மாதிரி 'புஸ்' என்று வந்தது. பக்கத்தில் மகளுக்கு அதுகூட வரவில்லை.

"கொயே!" என்றார் ஸென்ஸெய். 'குரல்!' என்று அர்த்தம். மறுபடி அடித்தோம். "கொயே!" மறுபடி. மூன்று வாரம் இதே கதைதான். தொண்டையால் கத்தினால் இருமல்தான் வரும் என்று விளக்கினார். தொப்புளுக்கு நாலு விரல் கீழே கையை வைத்துக்கொண்டு, அங்கே இறுக்கி, மூச்சை ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். பிரசவ அறையில் நர்ஸம்மா 'முக்கு, முக்கு' என்பாரே, அதே இடம்தான் என்று எனக்குப் பட்டது. மகளிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மழைக்காலத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை எதிரும் புதிருமாக நின்றோம். அவள் என் காலைக் குறிவைத்து "ஸுனே!" என்று அடித்தாள். கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கால்கவசம் கட்டியிருந்ததால் வலியால் இல்லை!

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒன்றரை வருஷம் ஆகிறது. தொடக்க நிலைத் தேர்வு ஒன்றில் தேறினேன். முட்டி வலி முன்போல் இல்லை. ஆனால் முழங்காலை மடித்து உட்காரும் ஜப்பானிய முறை மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஸென்ஸெய் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார். மூட்டுத் தொல்லை உள்ளவர்கள் எந்தப் பயிற்சியானாலும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவதுதான் நல்லது.

தமிழ்நாட்டில் நகினாத்தா வகுப்புக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வேண்டியதே இல்லை. நம் சிலம்பம் இருக்கிறது. என் சின்ன வயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் ஆண்கள்தாம் சுற்றுவார்கள், நாங்கள் திண்ணையிலிருந்து பார்ப்போம். இப்போது பெண் குழந்தைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள். அதுவும் முடியாவிட்டால் வீட்டிலேயே தினம் ஐந்து நிமிஷம் போதும்:

காலைத் தோள் அகலத்துக்கு வைத்து, முதுகு நேராக நில்லுங்கள். அடிவயிற்றில் கை வைத்து, மூக்கால் மூச்சை இழுத்து, 'நிறுத்து!' என்று ஒரே தள்ளாகக் குரல் கொடுங்கள். மகளையும் மகனையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் நாள் எல்லோருக்கும் சிரிப்புத்தான் வரும். பரவாயில்லை, சிரித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதறி ஓடி வருவார்கள்! நாங்கள் இங்கே 'யமெத்தே குதஸாய்' என்று பழகுகிறோம். 'நிறுத்துங்கள்' என்பதற்கு ஜப்பானியச் சொல் அது.

ஒன்று மட்டும் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குரல் வந்தாலும் வராவிட்டாலும் குற்றம் அவர்களுடையது அல்ல. வீட்டுக்கு வந்து சொன்னால் நாம் கேட்போம் என்ற தைரியம் அவர்களுக்கு இருக்க வேண்டும். உயிரோடு திரும்பி வந்து சேதி சொல்பவன்தான் நல்ல நிஞ்சா என்று படித்தோமே, அது நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

என் மகள் இப்போதும் அதே ரயிலில்தான் போய்வருகிறாள். காலையில் பெண்கள் பெட்டி, மாலையில் கிடைத்த பெட்டி. போன வாரம் ஹகாமாவை மடித்துக்கொண்டே கேட்டேன், "இன்னும் பயமா இருக்காடி?" என்று.

"இருக்கும்மா. ஆனா இப்போ சத்தம் வரும்னு தெரியும்" என்றாள்.